மூன்று விநாடி அழுத்தினால் அணையும் காவல்

ஸ்டியரிங்குக்கு அருகிலோ கியர் கம்பிக்குப் பக்கத்திலோ அந்தப் பொத்தான் இருக்கும். அதன்மேல் ஒரு சின்னக் கார் படம். காருக்குப் பின்னால் நெளிந்து போகும் இரண்டு கோடுகள். டொயோட்டா 86 காரில் அதை ஒருமுறை தட்டினால் டிராக்‌ஷன் கண்ட்ரோல் மட்டும் ஓயும். கார் நிற்கும்போது மூன்று விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் சேர்ந்து ஓயும். மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கும். அந்த நொடியிலிருந்து நான்கு டயர்களையும் கட்டி மேய்க்க வேண்டியவர், ஓட்டுகிறவர் ஒருவரே.

பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் இந்தப் பொத்தானைப் பற்றிப் பேச இளைஞர்களுக்குக் காரணம் உண்டு. ஜப்பானிலிருந்து வரும் ரீகாண்ட் ஸ்போர்ட்ஸ் கார்கள் இப்போது வங்கிக் கடனில் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. ஊரைச் சுற்றிச் சாலைகளும் அகலமானவை. 14 கிலோமீட்டர் நீளமுள்ள பட்டர்வொர்த் வெளிவட்டச் சாலை, கூலிம் நெடுஞ்சாலை, வடக்கு தெற்கு நெடுஞ்சாலை, கடலைத் தாண்டும் இரண்டு பாலங்கள் என்று இரவில் வெறிச்சோடும் தார்ச்சாலைக்குப் பஞ்சமில்லை. இந்தச் சாலைகளில் சட்டவிரோதப் பந்தயத்தைத் தடுக்கப் போலீசார் பலமுறை சோதனை நடத்தியிருக்கிறார்கள். ஆயினும் பந்தயத்துக்கே போகாத, ஒழுங்காக வேலைக்குப் போய் வருகிற பலரும் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்க்கிறார்கள். "அதை ஆஃப் பண்ணினால்தான் காரின் உண்மையான பவர் தெரியும்" என்ற பேச்சு பட்டறைக்குப் பட்டறை உலவுகிறது.

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. உயிரை எடுப்பது மீதிப் பாதி.

பொத்தானுக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

டிராக்‌ஷன் கண்ட்ரோலும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் ஒன்றல்ல. முதலாவது, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சக்கரம் வெறுமனே சுழலாமல் பார்த்துக்கொள்வது. சக்கரம் சாலையைப் பிடிக்காமல் சுற்றினால் எஞ்சினின் இழுவையைக் குறைக்கும், அல்லது அந்தச் சக்கரத்தை மட்டும் லேசாகப் பிரேக் பிடிக்கும். இஎஸ்சி என்று சுருக்கிச் சொல்லப்படும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இதைவிடப் பெரிய வேலை பார்க்கிறது. கார் போக வேண்டிய திசைக்கும் உண்மையில் போய்க்கொண்டிருக்கும் திசைக்கும் இடையே விலகல் வந்தால் அதைச் சரி செய்கிறது.

அதற்கு அது பல உணரிகளை நம்பியிருக்கிறது. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு வேக உணரிகள். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்க்க ஒன்று. கார் தன் அச்சில் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று பார்க்க ஒன்று. பக்கவாட்டில் தள்ளும் விசையை அளக்க இன்னொன்று. இவற்றிலிருந்து வரும் தகவலை வைத்து, ஓட்டுநர் கேட்ட திசையில்தான் கார் போகிறதா என்று ஒரு விநாடிக்கு 25 முறை ஒப்பிட்டுப் பார்ப்பதாக இந்த அமைப்பை உருவாக்கிய பாஷ் நிறுவனம் சொல்கிறது.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஆக, ஒரு மீட்டர்கூட நகர்வதற்குள் ஒருமுறை சரிபார்த்து முடிந்திருக்கும். எதிர்பாராத ஒன்றைக் கண்டு, புரிந்து, கையையோ காலையோ அசைக்க மனிதனுக்கு ஒரு விநாடியிலிருந்து ஒன்றரை விநாடி வரை ஆகும். அதற்குள் கார் 22 முதல் 33 மீட்டர் போயிருக்கும். வேகம் ஒரு பக்கம் இருக்கட்டும். இஎஸ்சியால் ஒரே ஒரு சக்கரத்தைத் தனியாகப் பிரேக் பிடிக்க முடியும். வளைவில் பின்பக்கம் வெளியே வழுக்கினால் வெளிப்புற முன்சக்கரத்தைப் பிடித்துச் சுழற்சியை நிறுத்தும். முன்பக்கம் திரும்ப மறுத்து நேரே போனால் உட்புறப் பின்சக்கரத்தைப் பிடித்துக் காரைத் திருப்பிவிடும். எவ்வளவு கெட்டிக்கார ஓட்டுநருக்கும் கால் வைக்கக் கிடைப்பது ஒரே ஒரு பிரேக் பெடல். நான்கு சக்கரத்தையும் தனித்தனியே பிடிக்க அவரால் ஆகாது.

மழைக்கால வளைவு ஒன்று

நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். அதன் ஆரம் 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் அதில் திரும்பினால், காரைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அதன் எடையில் கால்பங்குக்குச் சற்று மேல். 80 கிலோமீட்டரில் அது பாதி எடையாகிவிடும். 100 கிலோமீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. வேகம் கொஞ்சம் ஏறினால் விசை எகிறிக்கொண்டு போகும். நனைந்த சாலையில் நல்ல டயருக்கே பாதி எடைக்குச் சற்று மேல்தான் பிடிமானம் கிடைக்கும். தேய்ந்த டயருக்கு அதுவும் இல்லை. பினாங்கில் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மாலை மழை எப்படிக் கொட்டும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் வெயில் காய்ந்த பிறகு விழும் முதல் பத்து நிமிட மழைதான் மோசம். சாலையில் படிந்திருந்த எண்ணெயும் தூசியும் டயர் கரியும் அந்தத் தண்ணீரில் குழைந்து மேலே மிதக்கும்.

அப்படி ஒரு வளைவில், பொத்தானை அணைத்துவிட்ட பின்சக்கர இழுவைக் கார் 80-ல் நுழைகிறது. ஓட்டுநர் வளைவு முடியுமுன்பே ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார். பின்சக்கரங்கள் பிடியை விட்டுச் சுழல்கின்றன. பின்பக்கம் வெளியே நழுவுகிறது. பயத்தில் அவர் காலை வெடுக்கென்று எடுக்கிறார். பழகாத யாரும் அப்படித்தான் எடுப்பார்கள். ஆபத்து அங்கேதான் இரட்டிப்பாகிறது. காலை எடுத்ததும் காரின் எடை முன்பக்கம் சாய்கிறது. ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருக்கும் பின்பக்கம் இன்னும் லேசாகி, இன்னும் வேகமாக வெளியே வீசுகிறது. அவர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் முழுக்க ஒடிக்கிறார். பின்டயர்கள் திடீரென்று சாலையைப் பிடிக்கின்றன. முன்சக்கரங்கள் இன்னும் எதிர்ப்பக்கம் திரும்பியபடியே நிற்பதால், கார் இப்போது மறுபக்கம் பாய்கிறது. முதல் வழுக்கலைவிட இரண்டாவது வீச்சு கடுமையானது. தடுப்புக் கம்பியில் மோதுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வீச்சில்தான். மொத்தமும் நடந்து முடிய மூன்று, நான்கு விநாடி.

பொத்தான் அணைக்கப்படாமல் இருந்திருந்தால், பின்சக்கரம் சுழலத் தொடங்கியதுமே எஞ்சின் அடங்கியிருக்கும். மீட்டரில் ஒரு விளக்கு நான்கைந்து முறை மின்னியிருக்கும். பலருக்கு ஏதோ நடந்தது என்றே தெரிந்திருக்காது. "எனக்கு இஎஸ்சி தேவைப்பட்டதே இல்லை" என்று சொல்கிறவர்களில் பலர், அது தங்களைக் காப்பாற்றிய தருணங்களை அறியாதவர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இல்லாத பிடிமானத்தை இஎஸ்சி உண்டாக்காது. 100 கிலோமீட்டரில் அதே நனைந்த வளைவில் நுழைந்தால் எந்தக் கணினியும் காப்பாற்றாது. டயருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் புகுந்து கார் மிதக்கத் தொடங்கிவிட்டால், எந்தச் சக்கரத்தைப் பிரேக் பிடித்தும் பயனில்லை.

அணைப்பவர்களின் நியாயம்

அணைப்பவர்கள் எல்லாரும் முட்டாள்கள் அல்லர். இந்தப் பொத்தானைத் தயாரிப்பாளர்களே வைத்திருப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

சேற்றிலோ மணலிலோ சிக்கிய கார் வெளியே வர, சக்கரம் கொஞ்சம் சுழன்றே ஆக வேண்டும். அப்போது டிராக்‌ஷன் கண்ட்ரோல் எஞ்சினை அடக்கிக்கொண்டே இருந்தால் கார் அசையாது. எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோ உருளையில் காரை ஏற்றும்போதும் அப்படித்தான். பின்சக்கரம் பறக்கிறது, முன்சக்கரம் அசையாமல் நிற்கிறது. கணினிக்கு அது பெரிய வழுக்கலாகத் தெரியும்.

டிரிஃப்ட் செய்கிறவர்களுக்கோ வழுக்கலே குறிக்கோள். ஷூய்ச்சி ஷிகெனோ 1995-ல் தொடங்கிய 'இனிஷியல் டி' படக்கதை, 1980களின் ஏஇ86 என்ற சாதாரண டொயோட்டாவை ஆசியா முழுவதும் இளைஞர்களின் கனவு வண்டியாக்கியது. அந்தக் காரில் இத்தகைய மின்னணுத் துணை எதுவும் இல்லை. இன்று ஷோரூமில் நிற்கும் ஜிஆர்86 அந்தப் பெயரைத்தான் சுமந்து வருகிறது. நம் நாட்டிலும் இதற்கு மரபு உண்டு. லோட்டஸ் கை வைத்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ, மின்னணுத் துணை இல்லாமலே வளைவுகளில் பெயரெடுத்த வண்டி. அதை ஓட்டிப் பழகியவர்கள் இன்றைய கார்களில் கணினி குறுக்கே வருவதை எரிச்சலாகத்தான் பார்ப்பார்கள்.

பந்தயத் தடத்தில் அந்த எரிச்சலுக்கு இடம் இருக்கிறது. டயரின் எல்லை எங்கே, அது கைவிடும் முன் ஸ்டியரிங்கில் என்ன தெரிகிறது, வழுக்கினால் எவ்வளவு எதிர்த் திருப்பம் தேவை என்பதெல்லாம் காலாலும் கையாலும் உணர்ந்துதான் வர வேண்டிய அறிவு. கணினி முந்திக்கொண்டால் அது வராது. எனவேதான் நல்ல தயாரிப்பாளர்கள் நடுநிலை ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் வழுக்க விட்டு, மீறும்போது மட்டும் பிடித்து நிறுத்தும் முறை அது. டொயோட்டாவில் டிராக் முறை, பிஎம்டபிள்யூவில் டிடிசி, ஃபெராரியின் ஸ்டியரிங்கில் திருகிக்கொள்ளும் மனெட்டினோ என்று பெயர்தான் வேறு. தடத்துக்குப் புதிதாகப் போகிறவர் இந்த நடுநிலையில் தொடங்குவதே சரி. அதைத் தாண்டி முழுதாக அணைப்பதற்கு அவசரமே இல்லை.

செப்பாங்கில் அணைத்துப் பார்த்தபோது

உலகின் மிகச் சிறந்த ஓட்டுநர்களுக்கு டிராக்‌ஷன் கண்ட்ரோல் இல்லாமல் போனால் என்ன ஆகும்? அதற்கான சோதனை நம் நாட்டிலேயே நடந்தது.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 1994-ல் டிராக்‌ஷன் கண்ட்ரோல் தடை செய்யப்பட்டது. யார் ரகசியமாக வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது கடினமானதால் 2001 ஸ்பெயின் பந்தயத்திலிருந்து மீண்டும் அனுமதித்தார்கள். 2008-ல் எல்லா அணிகளுக்கும் ஒரே மாதிரியான கட்டுப்பாட்டுக் கணினியைக் கொடுத்து மறுபடி தடை செய்தார்கள். அந்த ஆண்டின் முதல் பந்தயம் மெல்பர்னில். முதல் வளைவிலேயே ஃபெராரியின் ஃபெலிப்பே மாஸா சுழன்றார். ஒரு வாரம் கழித்து, மார்ச் 23 அன்று செப்பாங். மாஸா முதலிடத்திலிருந்து புறப்பட்டு, இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தபோது மீண்டும் சுழன்று சரளையில் சிக்கி நின்றார். பந்தயத்தை வென்றவர் அதே ஃபெராரியை ஓட்டிய கிமி ரைக்கோனன். இரண்டு சுழற்சிக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் இல்லாதது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆண்டு முழுக்க உலகப் பட்டத்துக்குப் போராடி, ஒரே ஒரு புள்ளியில் அதை இழந்த ஓட்டுநர் அவர். அப்படிப்பட்டவருக்கே இரண்டு வாரத்தில் இரண்டு முறை பின்பக்கம் கைமீறிப் போனது.

அவர் வண்டி போய் விழுந்தது சரளையில். பந்தயத் தடத்தில் தவறு செய்ய இடம் விட்டிருப்பார்கள். சரளைப் படுகை, டயர் சுவர், கொடி காட்டும் ஊழியர், தயாராக நிற்கும் மருத்துவ வண்டி எல்லாம் உண்டு. எதிரே யாரும் வரமாட்டார்கள்.

தமிழருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் இரண்டு காலத்திலும் ஃபார்முலா ஒன் ஓட்டியவர். 2005-ல் ஜோர்டான் அணிக்கு அவர் ஓட்டியபோது டிராக்‌ஷன் கண்ட்ரோலுக்கு அனுமதி இருந்தது. அந்த ஆண்டு செப்பாங்கில் 11-ஆவதாக முடித்தார். 2012-ல் எச்ஆர்டி அணியின் மெதுவான காரை ஓட்டியபோது அனுமதி இல்லை. அந்த மலேசியப் பந்தயத்தில் மழை கொட்டி, ஒன்பது சுற்றிலேயே சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினார்கள். அப்போது கார்த்திகேயன் பத்தாவது இடத்தில் இருந்தார். பெரிய அணிகளின் கார்களுக்கு முன்னால்! காரணம் மிகச் சாதாரணமானது. மற்றவர்கள் மிதமான ஈரத்துக்கான டயரில் புறப்பட்டார்கள். அவருடைய அணி முழு மழை டயரைப் போட்டு அனுப்பியது. எஞ்சின், கணினி, துணிச்சல் எல்லாவற்றுக்கும் முன்னால் ரப்பர் நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஒரு பள்ளமும் ஒரு கவிழ்ந்த காரும்

இஎஸ்சி பிறந்த கதையும் ஒரு வழுக்கலில்தான் தொடங்குகிறது. 1989-ல் மெர்சிடிஸின் இளம் பொறியாளர் ஃபிராங்க் வெர்னர் மோன், ஸ்வீடனின் பனிச் சாலையில் சோதனை ஓட்டத்தின்போது காரோடு பள்ளத்தில் இறங்கிவிட்டார். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்குக்குச் சக்கரத்தின் வேகம் தெரிகிறது. அதே கணினிக்குக் கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் தெரிந்தால் என்ன? அவருக்குத் தோன்றிய கேள்வி இது. பாஷ் நிறுவனத்தில் அன்டன் வான் சான்டென் தலைமையில் நடந்த வேலையும் இதனோடு சேர்ந்தது. 1995-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் இந்த அமைப்பு விற்பனைக்கு வந்தது.

பணக்காரர் காருக்கு மட்டும் என்றிருந்ததை எல்லாருக்கும் கொண்டுவந்தது ஓர் அவமானம். 1997 அக்டோபரில் ஸ்வீடன் மோட்டார் இதழ் ஒன்று, சாலையில் குறுக்கே வரும் காட்டு மானைத் தவிர்க்கத் திருப்புவதுபோல் ஒரு சோதனை செய்தது. மெர்சிடிஸின் புத்தம் புதிய ஏ கிளாஸ் கவிழ்ந்தது. நிறுவனம் விநியோகத்தை நிறுத்தி, எல்லா ஏ கிளாஸ் கார்களிலும் இஎஸ்சியைப் பொருத்திக் கொடுத்தது.

அதன்பின் கணக்குகள் தெளிவாயின. இஎஸ்சியால் கார்களின் ஒற்றை வாகன விபத்து 34 விழுக்காடும், எஸ்யூவி வகையில் 59 விழுக்காடும் குறையும் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டது. 2012 மாடலிலிருந்து அங்கே எல்லாக் கார்களுக்கும் இது கட்டாயம். அந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அணைக்கும் பொத்தானைத் தயாரிப்பாளர் வைக்கலாம். ஆனால் எஞ்சினை நிறுத்தி மறுபடி இயக்கினால் இஎஸ்சி தானாக விழித்துக்கொள்ள வேண்டும். அணைந்திருக்கும் நேரமெல்லாம் விளக்கு எரிய வேண்டும்.

மலேசியாவில் இந்த வேலையை முன்னெடுத்தவை மிரோஸ் எனப்படும் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமும், அதனோடு சேர்ந்து வளர்ந்த ஆசியான் என்சிஏபி மோதல் சோதனைத் திட்டமும். ஐந்து நட்சத்திரம் வேண்டுமானால் இஎஸ்சி வேண்டும் என்று ஆசியான் என்சிஏபி சொன்னது. 2017 நவம்பரில் வந்த பெரோடுவா மைவியில், விலை குறைந்த ரகம் உட்பட எல்லாவற்றிலும் இது இடம்பெற்றது. 2018 ஜூனிலிருந்து நாட்டில் அறிமுகமாகும் புதிய கார் மாடல்களுக்கு இது கட்டாயமானது. ஒரு காலத்தில் எஸ் கிளாஸ் வாங்குகிறவர்களுக்கு மட்டும் கிடைத்த காவல், மாக் மண்டினில் மைவி வைத்திருக்கும் குடும்பத்துக்கும் கிடைத்தது. சாலைப் பாதுகாப்பில் இந்நாடு செய்த நல்ல காரியங்களில் இது முன்வரிசையில் நிற்கும்.

இல்லாதபோது என்ன நடக்கும்?

2013 நவம்பர் 30. கலிபோர்னியாவின் சான்டா கிளாரிட்டாவில், 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' நடிகர் பால் வாக்கர் பயணம் செய்த போர்ஷே கரேரா ஜிடி விளக்குக் கம்பத்திலும் மரங்களிலும் மோதித் தீப்பிடித்தது. ஓட்டியவர் அவருடைய நண்பர் ரோஜர் ரோடாஸ். பந்தய அனுபவம் உள்ளவர். இருவரும் இறந்தார்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் வேக வரம்புள்ள சாலையில் கார் 130 முதல் 150 கிலோமீட்டர் வேகத்தில் போனது என்று விசாரணை கண்டது. டயர்கள் ஒன்பது ஆண்டு பழையவை.

600 குதிரைத்திறனுக்கு மேல் கொண்ட அந்தக் காரில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருந்தது. ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இல்லை. தயாரிப்பாளரே வைக்கவில்லை. அது இல்லாததைக் காட்டி வாக்கரின் மகள் தொடுத்த வழக்கு 2017-ல் சமரசத்தில் முடிந்தது. ரோடாஸின் மனைவி தொடுத்த வழக்கில் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாக வந்தது. இஎஸ்சி இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்களா என்பதை நீதிமன்றத்துக்கே விட்டுவிடலாம். வேகம், பழைய டயர், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இல்லாத கார் ஆகிய மூன்றும் பொதுச் சாலையில் ஒன்று சேர்ந்தன என்பது மட்டும் உறுதி. பொத்தானை அணைத்துவிட்டுப் பழைய டயரில் வேகமாகப் போகிறவர், அதே மூன்றையும் தன் கையாலேயே ஒன்று சேர்க்கிறார்.

ஃபியூஸைப் பிடுங்குகிறவர்கள்

பொத்தானோடு நிற்காதவர்களும் இருக்கிறார்கள். சில கார்களில் அணைத்த பிறகும், பிரேக்கை ஓங்கி மிதித்தால் அமைப்பு மறுபடி தலையிடும். அது பிடிக்காமல் சிலர் ஃபியூஸையே பிடுங்கிவிடுகிறார்கள். இது பொத்தானை அழுத்துவதைவிடப் பல மடங்கு கெட்டது. இஎஸ்சி, ஏபிஎஸ், முன் பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பங்கிடும் இபிடி ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே பெட்டியில் குடியிருப்பவை. ஃபியூஸ் போனால் மூன்றும் போகும். பிரேக் மிதித்தால் எடை முன்னே சாயும். பங்கிட ஆளில்லாததால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளக்கூடும். பின்சக்கரம் பூட்டினால் நேர்ச்சாலையிலேயே கார் சுழலும். எஞ்சினை நிறுத்தி இயக்கினாலும் அது சரியாகாது. அடுத்த நாள் அதே காரை அம்மாவோ தங்கையோ எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனால், அவர்களுக்கும் பாதுகாப்பு இல்லை.

பணக் கணக்கும் இருக்கிறது. நிசான் ஜிடி-ஆர் ஆர்35 அமெரிக்காவில் வந்த புதிதில், விடிசி என்ற ஸ்டெபிலிட்டி அமைப்பை அணைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் புறப்பட வைக்கும் லாஞ்ச் கண்ட்ரோலில் பாய்ந்த சிலருக்கு கியர்பாக்ஸ் உடைந்தது. விடிசியை அணைத்து ஓட்டியதால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்று கையேட்டில் எழுதியிருந்தது. பெரிய சர்ச்சைக்குப் பிறகு நிறுவனம் மென்பொருளை மாற்றியது. இங்கே வழக்கமான கார் காப்புறுதிப் பத்திரத்திலும் பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றில் நேரும் சேதத்துக்கு இழப்பீடு இல்லை என்ற வரி இருக்கும். செப்பாங் தடத்துக்குப் போகிறவரும் புறப்படுமுன் அதைப் படித்துப் பார்ப்பது நல்லது.

சட்டம் பொத்தானைப் பார்ப்பதில்லை, விளைவைப் பார்க்கிறது. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 42-ஆவது பிரிவு ஆபத்தாக ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. பொதுச் சாலையில் பந்தயத்தைத் தடுப்பது 81-ஆவது பிரிவு. ஆபத்தாக ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தினால் 41-ஆவது பிரிவு. 2020 திருத்தத்துக்குப் பிறகு இதற்குச் சிறைத்தண்டனை ஐந்து ஆண்டுக்குக் குறையாது, பத்து ஆண்டு வரை போகலாம்.

பாலத்தில் சரளைப் படுகை இல்லை

பினாங்குப் பாலம் 1985-ல் திறந்தது. 13.5 கிலோமீட்டர் நீளம், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். 2014 மார்ச் 1-ல் திறந்த இரண்டாவது பாலம் பத்து காவானிலிருந்து பத்து மவுங் வரை 24 கிலோமீட்டர். இரண்டிலும் வேக வரம்பு 80. இரண்டிலும் தவறினால் போக இடமில்லை. ஒரு பக்கம் நடுத்தடுப்பு, மறுபக்கம் கடல். 2019 ஜனவரி 20 அதிகாலையில் முதல் பாலத்தில் இரண்டு கார்கள் மோதி, ஒன்று தடுப்பைத் தாண்டிக் கடலில் விழுந்து, அதிலிருந்த இளைஞர் இறந்ததை இந்த ஊர் மறக்காது. அந்த விபத்தையும் இஎஸ்சியையும் முடிச்சுப் போட வேண்டாம். பாலத்தில் ஒரு கார் தன் பாதையை விட்டு விலகினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் அது சான்று.

பாலத்தின் இடது ஓரத்தில் மோட்டார் சைக்கிள்கள் போகின்றன. பிறைத் தொழிற்பேட்டைக்கும் பாயான் லெப்பாசுக்கும் இடையே ஷிப்ட் வேலைக்குப் போய் வருகிறவர்கள் அவர்கள். நள்ளிரவிலும் மழையிலும் வருவார்கள். மலேசியச் சாலைகளில் 2016-ல் 7,152 பேரும், 2019-ல் 6,167 பேரும் இறந்தார்கள். அவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். வழுக்கிச் சுழலும் ஒரு காருக்குள் ஏர்பேக் இருக்கும், இருக்கை வார் இருக்கும். அது மோதுகிறவருக்கு ஒரு ஹெல்மெட்.

அந்த இளைஞர்களை அடக்கிவிட்டால் போதும் என்று பேசுவதும் சரியல்ல. பட்டர்வொர்த்திலிருந்து செப்பாங் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். டோல், எண்ணெய், தடக் கட்டணம், டயர் எல்லாம் சேர்த்தால், மாதச் சம்பளக்காரருக்கு அது ஆண்டுக்கு ஒருமுறை ஆசை. 2002-ல் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை புரோட்டோன் பெர்ட் காரில் வென்ற மலேசியாவின் கரம்ஜித் சிங் போன்றவர்கள் இந்த மண்ணிலிருந்துதான் வந்தார்கள். ராலிக்காரர்கள் வழுக்கக் கற்பது மூடப்பட்ட சாலையில், எதிரே யாரும் வராத இடத்தில். வடமாநிலங்களில் தண்ணீர் தெளித்த ஒரு வழுக்குத் தளம் அமைத்து, பயிற்சியாளரோடு குறைந்த கட்டணத்தில் ஓட்ட விட்டால், மணிக்கு 40 கிலோமீட்டரிலேயே இஎஸ்சி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று ஒருவர் ஒரே காலையில் கற்றுக்கொள்வார். ஓட்டுநர் பயிற்சி வகுப்பிலும் அந்த மஞ்சள் விளக்கைப் பற்றி ஐந்து நிமிடம் பேசலாம். மாநில அரசும் போக்குவரத்து அமைச்சும் செய்யக்கூடிய, பெரிய செலவில்லாத காரியங்கள் இவை.

ரீகாண்ட் ஸ்போர்ட்ஸ் காரோ பழைய காரோ வாங்கப் போகிறவர்கள் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடுமுன், வழுக்கும் கார் படம் போட்ட விளக்கு எரிகிறதா என்று மீட்டரைப் பாருங்கள். எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைந்தால் நல்லது. அணையாமல் நின்றால் அமைப்பில் கோளாறு. எரியவே இல்லை என்றால் அந்த அமைப்பே காரில் இல்லை, அல்லது யாரோ கை வைத்திருக்கிறார்கள். அந்தக் காரை எடுக்காதீர்கள். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் சட்டப்படியே அது ஓடக்கூடாது. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் அது செய்யப்பட்ட வாரமும் ஆண்டும் இருக்கும், அதையும் பாருங்கள். பொத்தானை அழுத்திப் பார்க்கும் ஆசை வந்தால், காசு சேர்த்து ஒருநாள் செப்பாங்குக்கு எடுத்துச் செல்லுங்கள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களின் சாலையில் அந்தச் சோதனை வேண்டாம்.